பாலோடு விழுங்கிய மாத்திரைகள்

கண்ணு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகப்போகிறது. உடனே பதில் போடாததற்குக் கரும்பு வெட்டின் மேல் பழியைப் போடலாம். ஆட்களுக்குச் சோறு பொங்கவே பொழுது சரியாக இருக்கிறது என்று எழுதினால் நீயும் நம்புவாய். ஆனால் உண்மை அதுவல்ல. நீ கேட்டதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல், காகிதத்தை எடுப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்தேன். மெட்ராஸ் டாக்டரம்மா கொடுத்த மாத்திரையைப் போட்டும் முகத்தில் பரு குறையவில்லை, குறைகிற வரை ஊர்ப்பக்கம் வரமாட்டேன், பொங்கலுக்கும் எதிர்பார்க்காதே, தையில் பெண் பார்க்க வருகிற வில்லியனூர்க்காரர்களையும் வரவேண்டாம் என்று சொல்லிவிடு என்று எழுதியிருக்கிறாய். அதோடு விட்டிருந்தால் நான் வழக்கம்போல இரண்டு திட்டும் நாலு ஆறுதலும் எழுதி அனுப்பியிருப்பேன். "உனக்கும் இதே பரு, இதே மாத்திரைதானே அம்மா, உனக்கு எப்படிச் சரியாச்சு, மறைக்காமச் சொல்லு" என்று கேட்டுவிட்டாய். எனக்கு எப்படிச் சரியாயிற்று என்பது போன வாரம் வரை எனக்குத் தெரிந்திருந்தது. உன் கடிதத்தைப் படித்த பிறகு தெரியவில்லை.

உன் கடிதத்தில் நடுவில் ஒரு வரி இருக்கிறது. நீ அதைப் பெரிதாக நினைத்து எழுதவில்லை. மாத்திரை போடும்போது பால், தயிர், மோர் எதுவும் கூடவே கூடாது, பாலோடு சேர்ந்தால் மருந்து உடம்பில் ஏறாமல் வீணாய்ப் போய்விடும் என்று டாக்டரம்மா சொன்னதாக எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்துவிட்டு நான் அப்படியே அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா வந்து குழம்பு தீய்கிறது என்று சொன்ன பிறகுதான் எழுந்தேன். ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டுமானால் என் கல்யாணத்துக்கு முந்திய கதையைச் சொல்லியாக வேண்டும். இதுவரை நான் உனக்குச் சொல்லி வந்தது ஒரே வரிதான். பாண்டி டாக்டர் மாத்திரை கொடுத்தார், முகம் பளிச்சென்று ஆகிவிட்டது, உன் அப்பா வந்து பார்த்தார், கல்யாணம் முடிந்தது. அந்த ஒரு வரிக்குள் இவ்வளவு குழப்பம் இருக்கும் என்று நானே நினைக்கவில்லை.

நான் எட்டாவது முடித்துவிட்டு பாகூரில் ஏரிக்கரைத் தெரு வீட்டில் இருந்த காலம் அது. உனக்கு நெற்றியிலும் தாடையிலும்தான் பரு. எனக்குக் கன்னம் இரண்டும் நிறைந்து, சில இடத்தில் சீழ் கட்டி, தலையணையில் முகம் வைத்துப் படுக்க முடியாது. ஊரில் எல்லாருமே எனக்கு வைத்தியர்கள். பயத்தமாவு என்றார்கள், வேப்பிலை என்றார்கள், கஸ்தூரி மஞ்சள் என்றார்கள், எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்து என்றார்கள். கடைசியில் எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வார்கள், கல்யாணம் ஆனால் தானாய்ப் போய்விடும் என்று. கல்யாணம் பேச வந்தவர்களோ பரு போகட்டும், பிறகு பார்க்கலாம் என்கிற மாதிரி பார்த்தார்கள். திருக்கனூரில் தானியக் கடை வைத்திருந்த ஒரு குடும்பம் வந்தது. வசதியானவர்கள். மாப்பிள்ளையின் அம்மா என்னை ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போய், கத்தரிக்காயைச் சொத்தை பார்ப்பது போல என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு தரகர் வழியாகச் சேதி வந்தது, "பொண்ணுக்கு ரத்தத்துலயே ஏதோ கோளாறு போலருக்குது" என்று. முகத்தில் கோளாறு என்றிருந்தால் தாங்கியிருப்பேன். ரத்தத்தில் என்றதும் வீட்டில் சாவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் உன் மாமா என்னைப் பஸ்ஸில் ஏற்றிப் பாண்டிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் வயதானவர், அதிகம் பேசமாட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ரத்தத்தில் ஒன்றுமில்லை, இது வயசுக் கோளாறு என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கே எனக்கு அழுகை வந்தது. பாதி சிவப்பும் பாதி மஞ்சளுமாக ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். டெட்ராசைக்ளின் என்று உன் கடிதத்தில் பார்த்ததும்தான் அந்தப் பெயர் எனக்கு ஞாபகம் வந்தது. அப்போது வாயில் நுழையாது, கலர் மாத்திரை என்போம். வெறும் வயிற்றில் போடவேண்டும், மாதக்கணக்கில் போடவேண்டும், நடுவில் நிறுத்தக்கூடாது என்று அவர் சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாலைப் பற்றிச் சொன்னாரா, சொல்லி எங்கள் காதில் ஏறவில்லையா, எனக்குத் தெரியவில்லை. நேற்று உன் மாமா வந்திருந்தார். கேட்டேன். "டாக்டர் இன்னா சொன்னாருன்னு இப்ப வந்து கேக்குறியே, எனக்கு அன்னிக்கு பாகூர் பஸ்ஸு பூடுமேன்னு கவலை" என்றார். அவரை நம்பி நான் போனேன் பார்.

மாத்திரை போட்ட முதல் நாட்களில் தொண்டையிலிருந்து நெஞ்சு வரை எரிந்தது. வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. ஒருநாள் மாத்திரை அப்படியே முழுதாக வெளியே வந்து விழுந்தது. என் அம்மா அதைப் பார்த்துவிட்டாள். "இங்கிலீஷ் மருந்து சூடுடி. வெறும் வயித்துல போட்டா கொடலு வெந்து பூடும். பாலு ஊத்திப் போடு" என்றாள். டாக்டர் வெறும் வயிறு என்று சொன்னாரே என்றேன். அதற்கு என் அம்மா சொன்ன பதிலுக்கு இன்றைக்கும் நம் பக்கத்தில் யாராலும் எதிர்ப்பேச்சு பேச முடியாது. "பாலு இன்னா சோறா? வெரதம் இருக்கறவங்களே பாலு குடிக்கிறாங்க. பாலு குடிச்சா வெறும் வயிறுதான்."

விரதத்துக்கே ஆகிற பால் மாத்திரைக்கு ஆகாது என்று யாருக்குத் தோன்றும்? அதனால் டாக்டர் சொன்னபடி வெறும் வயிற்றில், என் அம்மா சொன்னபடி ஒரு லோட்டா பசும்பாலோடு, வேளை தவறாமல் அந்த மாத்திரையைப் போட்டேன். எங்கள் வீட்டில் ஒரே ஒரு மாடுதான் கறந்துகொண்டிருந்தது. அந்தப் பால் அதுவரை டீக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்காக என் அம்மா அதை நிறுத்தினாள். அவள் பிரியத்தை நான் குறை சொல்லமாட்டேன். நுரையோடு கொண்டுவந்து வைத்துவிட்டு நான் குடித்து முடிக்கிற வரை பக்கத்திலேயே நிற்பாள். நெஞ்செரிச்சல் நின்றது. பரு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இதற்கு நடுவில் வேறு தொல்லைகள் வந்தன. களத்தில் நெல் காயப்போட்டுக் காலால் துழாவிக்கொண்டிருந்த ஒரு நாள், எப்போதும் படுகிற வெயில்தான், முகமும் கையும் நெருப்புப் பட்டது போலச் சிவந்து, பிறகு கருத்துவிட்டது. கொஞ்ச நாள் கழித்து, சொல்லக் கூசுகிற இடத்தில் அரிப்பும் வெள்ளைப்படுதலும். நான் உனக்குத் தாய், நீ மெட்ராஸில் படிக்கிறவள், நமக்குள் இதை எழுத என்ன கூச்சம் என்று எழுதிவிட்டேன். என் அம்மாவிடம் சொல்ல எனக்கு அவ்வளவு வெட்கம். கடைசியில் சொன்னேன். எல்லாம் சூடு என்றாள். மத்தியானத்துக்கு மோர் சேர்ந்துகொண்டது, பொழுது சாய்ந்தால் இன்னொரு லோட்டா பால். மாத்திரையால் சூடு, சூட்டுக்குப் பால், பாலால் மாத்திரை வீண். மாதக்கணக்கில் இப்படியே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறோம். உன் டாக்டரம்மா சொன்னது சரி என்றால் அப்படித்தான் ஆகிறது. ஆனால் மருந்து உடம்பில் ஏறவே இல்லை என்றால் வெயிலில் முகம் ஏன் வெந்தது, அரிப்பு ஏன் வந்தது? கொஞ்சம் ஏறியிருக்குமோ? கெடுதல் செய்கிற அளவுக்கு ஏறி, நல்லது செய்கிற அளவுக்கு ஏறாமல் போயிற்றோ? இல்லை, வெயில் வெறும் வெயில்தானோ? எனக்குத் தலை சுற்றுகிறது, கண்ணு.

பிறகு மாடு சினையாகிப் பால் வற்றிப்போயிற்று. மாடு கட்டியிருக்கிற வீட்டில் வெளியே போய்ப் பால் வாங்கினால் ஊர் சிரிக்கும் என்பது என் அப்பாவின் கௌரவம். ஆகவே பால் நின்றது. மிச்சமிருந்த மாத்திரையைச் சொம்புத் தண்ணீரில் விழுங்கினேன். பால் இல்லாத பயத்தில் என் அம்மா, பரு போனால் உப்பும் மிளகும் கொட்டுகிறேன் என்று அம்மன் கோவிலில் வேண்டிக்கொண்டாள். களத்து வேலையும் முடிந்து நான் நிழலில் இருக்க ஆரம்பித்தேன். அடுத்த மாதம் சீழ் கட்டுவது நின்றது. அதற்கடுத்த மாதம் கன்னத்தைத் தொட்டால் வலிக்கவில்லை. அம்மன் செய்தாள் என்று என் அம்மா கோவிலுக்கு ஓடினாள். டாக்டர் மருந்து இப்போதுதான் பிடித்திருக்கிறது என்றார் உன் மாமா. வயசு ஆயிற்று, தானாய் அடங்கியது என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நான் மாத்திரைதான் என்று நம்பினேன். உனக்கும் அப்படியே சொன்னேன். அந்த நேரத்தில் பால் நின்றது என்பதை யாருமே கணக்கில் எடுக்கவில்லை.

இன்னொன்றையும் நினைத்துப் பார்த்தேன். பாலுக்கு மாறாமல் தண்ணீரிலேயே விழுங்கியிருந்தால் என் முகம் முன்னாடியே சரியாகியிருக்கும். திருக்கனூர்க்காரர்கள் மனசு மாறித் திரும்ப வந்திருந்தாலும் வந்திருப்பார்கள். நான் இப்போது தானியக் கடைக் கல்லாவுக்குப் பின்னால் கனத்த சங்கிலி போட்டு உட்கார்ந்திருப்பேன். நீ இருக்கமாட்டாய். முதலில் இதை நினைத்துச் சிரித்தேன். பிறகு எழுந்து போய் உன் பழைய பாவாடை ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து மடித்து மறுபடி வைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான்.

உறுவையாற்றிலிருந்து உன் அப்பா உன் அத்தையோடு பெண் பார்க்க வந்தது மாடு வற்றியிருந்த அந்தச் சமயத்தில்தான். காப்பி கொடுக்கப் பால் இல்லாமல் கோலி சோடா வாங்கிவந்து உடைத்தோம். அவர் பார்த்தது என் சரியான முகத்தை, அதனால்தான் சரி என்றார் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்து நான் பேயறைந்தவள் மாதிரி இருப்பதைப் பார்த்து அவருக்கே பொறுக்கவில்லை. முந்தாநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டேன்.

"என்ன பாக்க வந்தீங்களே, அன்னிக்கு எம் மொகம் எப்படி இருந்துச்சு?"

"இன்னாமே திடீர்னு?"

"சொல்லுங்க."

"பரு இருந்துச்சு. கன்னத்துல, நெத்தியில. ஏன்?"

"இல்லியே. அப்ப சுத்தமா சரியாயிடுச்சே."

"எனக்கு இன்னா தெரியும். இருந்துச்சு. பஸ்ஸுல வரச்சே அக்கா கூட கேட்டுச்சு, பொண்ணுக்கு மொகம் இப்டி இருக்குதேடான்னு. இருந்துட்டுப் போவட்டும், பொண்ணு வெவரமா இருக்குதுன்னேன்."

"நான் அன்னிக்கு வாயே தெறக்கலியே."

"உள்ளார உங்கம்மாவ அதட்டினியே, சோடாவ மொதல்ல துணியால புடிச்சிக்கினு ஒடைம்மான்னு. வெளிய வரைக்கும் கேட்டுது."

கல்யாணப் போட்டோவை எடுத்துவந்து பார்த்தேன். அதில் என் முகம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனால் ஸ்டூடியோக்காரர் பென்சில் வைத்துத் திருத்தித் தீட்டியதில் என் தாடை மச்சமும் சேர்ந்து காணாமல் போயிருக்கிறது. அந்தப் போட்டோவை நம்பி நான் எந்த முடிவுக்கும் வர முடியாது. அவர் தப்பாக நினைவு வைத்திருக்கலாம். நானும்தான். சரியான முகம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நாளில் பாதிதான் சரியாகியிருந்ததோ என்னவோ. ஆகவே எதில் சரியாயிற்று, எப்போது சரியாயிற்று என்ற இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. என் உடம்பை வைத்து உன் உடம்புக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. உன் டாக்டரம்மா சொல்வதைக் கேள். தண்ணீரில் போடு. வயிறு புரட்டினாலோ, வெயிலில் எரிந்தாலோ, நான் மேலே எழுதினேனே அந்தத் தொல்லை வந்தாலோ, வெட்கப்படாமல் அந்த அம்மாவிடமே போய்ச் சொல். எத்தனை நாள் போடவேண்டும், பயன் இல்லை என்றால் எப்போது நிறுத்துவது என்பதையும் கேட்டு வைத்துக்கொள். நானாக நிறுத்து என்றும் சொல்லமாட்டேன், போடு என்றும் சொல்லமாட்டேன்.

ஆனால் அன்றைய பேச்சு அதோடு முடியவில்லை. உன் அப்பா சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "நானும் ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்தேன். கல்யாணம் ஆன புதுசுல நீ எனக்கு சோறு போடுவ, ஆனா மூஞ்சி வேற பக்கம் இருக்கும். பேசினாலும் செவுத்தப் பாத்துக்கினு பேசுவ. ரெண்டு மூணு வருசம் அப்டித்தான். புடிக்காத எடத்துல கட்டி வச்சிட்டாங்களோன்னு நெனச்சிக்கினு இருந்தேன். கேக்க பயம். ஆமாம்னு சொல்லிட்டா இன்னா பண்றது."

கண்ணு, நான் அழுதுவிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு மாத்திரை நின்றுபோயிற்று. மாதாமாதம் வீட்டுக்குத் தூரமாவதற்கு முன்னால் ஒன்றிரண்டு பரு திரும்ப வரும். அவர் பார்த்துக் கட்டியது சரியான முகத்தை, இதைப் பார்த்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைப்பார் என்ற பயத்தில், பரு இருக்கிற பக்கத்தை அவர் கண்ணில் படாமல் திருப்பித் திருப்பி வைத்தேன். நான் மறைத்தது ஒரு கன்னத்தை. அவர் என் மனசே அவர் பக்கம் இல்லை என்று எடுத்துக்கொண்டார். உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்த பிறகுதான் எனக்கு முகத்தை மறைக்க நேரமில்லாமல் போயிற்று. அதுவரை ஒரே வீட்டில், ஒரே அடுப்புச் சோற்றைத் தின்றுகொண்டு, இரண்டு பேரும் இரண்டு பயத்தில் இருந்திருக்கிறோம். அந்த வருஷங்களை யாரிடம் போய்த் திரும்பக் கேட்பது?

வில்லியனூர்க்காரர்களுக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. தையில் வேண்டாம் என்று நீ நினைத்தால் வேண்டாம், தள்ளிப் போடச் சொல்கிறேன். இருக்கிற முகத்தோடு பார்க்கட்டும் என்று நினைத்தால் வரட்டும். அது உன் முகம், உன் கல்யாணம், இதில் என் சொல் கடைசிச் சொல் இல்லை. ஆனால் பொங்கலுக்கு வீட்டுக்கு வரமாட்டேன் என்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

ஏன் என்றால், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது உன் அப்பா இன்னொன்றும் கேட்டார். "நம்ம பொண்ணுக்கும் எம்மேல இன்னாமோ கோவம். தீவாளிக்கு வந்தப்ப மூஞ்சி குடுத்தே பேசல. தாவணிய இழுத்து வுட்டுக்கினு அந்தாண்ட திரும்பியே சாப்ட்டுது. மெட்ராஸுக்கு அனுப்ப மொதல்ல யோசிச்சேனே, அத மனசுல வச்சிக்கினு இருக்குதா?" இல்லை, முகத்தில் பரு, அதனால்தான் என்று சொன்னேன். "பருவுக்கா? பெத்த அப்பன்கிட்டயா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை. நீ வந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் நம்புவார்.

அம்மா